பாரிஸ் டு ரோம் ரெண்டே மணி நேரம்னு சொல்லி டிக்கெட் போட்டுக் குடுத்த டிராவல்ஸ்

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு டிராவல்ஸ்ல தான் நானும் வீட்டுக்காரரும் ஐரோப்பாவுக்கு டிக்கெட் போட்டோம். பேர் வேண்டாம், தம்பி நல்ல பையன் தான், ஆனா மூணு ஸ்டாருக்கு மேல மனசு வரல.

விசா வேலைல குறையே சொல்ல முடியாது. ஷெங்கன் விசா ஒண்ணு இருந்தா பிரான்ஸ், இத்தாலி ரெண்டுக்கும் போதும், 30,000 யூரோவுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம்னு முன்னாடியே சொல்லி ஃபைல பக்காவா ரெடி பண்ணிட்டாரு, முதல் தடவைலயே கிடைச்சிருச்சு.

வம்பு பாரிஸ் டு ரோம்ல. "ரெண்டு மணி நேரம்க்கா, ஏறி உக்காந்தா இறங்கிடலாம்"னாரு. வீட்டுக்காரர் போன்ல பாத்தா 1,400 கிலோமீட்டருக்கு மேல காட்டுது, டிராவல்ஸ் தம்பி கம்ப்யூட்டர்ல சுமார் 1,100, எது சரின்னு அங்கயே பட்டிமன்றம். ரெண்டுமே சரி தான், நடுவுல ஆல்ப்ஸ் மலை நிக்குது, கார்ல போனா மலைய குடைஞ்ச வழில சுத்தி போகணும், ஃப்ளைட்டுக்கு அந்த தொல்லை இல்ல. ரெண்டு மணி நேரமும் பொய் இல்லீங்க, ரன்வேல ஊர்றதையும் சேத்து தான் டிக்கெட்ல போடுறாங்க, மேல பறந்தது அதவிட கம்மி.

சொல்லாம விட்டது என்னன்னா, அந்த கம்மி வெல டிக்கெட்ல பாரிஸ்னு போட்ட ஏர்போர்ட் பாரிஸ்லயே இல்ல! போவேன்னு ஒரு ஊர்ல இருக்கு, பாரிஸ்ல இருந்து 80 கிலோமீட்டர் தாண்டி. கிருஷ்ணகிரில இறக்கி விட்டுட்டு இதான் பெங்களூர்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?

விடிகாலை அஞ்சேகாலுக்கு ரூம விட்டு கிளம்பி, பஸ்ஸ புடிச்சு, ஒண்ணேகால் மணி நேரம் தூங்கி வழிஞ்சு, செக்கிங்ல ஹேண்ட் பேக்ல இருந்த மாங்கா ஊறுகாய தூக்கி குப்பைல போட்டாங்க (100 மில்லிக்கு மேல விட மாட்டாங்களாம், எங்க அத்தை கைப்பக்குவம், இன்னும் ஆறல), அப்புறம் ரோம்ல இறங்கி மறுபடி பஸ், லாட்ஜ் கதவ தட்டும்போது மணி ஒண்ணரை. ரெண்டு மணி நேர பயணத்துக்கு எட்டு மணி நேரம்! பாரிஸோட பெரிய ஏர்போர்ட்டுன்னா ஊர்ல இருந்து 25 கிலோமீட்டர் தான், டவுன் ட்ரெயினே உள்ள வரைக்கும் போகுது. பஸ் காசு, பேக் காசு எல்லாம் கூட்டிப் பாத்தா பெருசா ஒண்ணும் மிச்சமும் ஆகல.

வந்ததும் கேட்டேன். "எல்லாரும் வெலய தான்க்கா கேக்குறாங்க, ஏர்போர்ட்ட யாரும் கேக்கல"னு சிரிக்கிறாரு. அதனால அங்க போறவங்க டிக்கெட்ல ஊர் பேர் பக்கத்துல மூணு எழுத்து பாருங்க, சிடிஜின்னா பெரிய ஏர்போர்ட், பிவிஏன்னா போவே, பணம் கட்டுறதுக்கு முன்னாடியே மாத்தச் சொல்லுங்க, சொன்னா மாத்திக் குடுப்பாரு.