கையடக்க ஸ்கேனர்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரியவருபவை

விமானம், கப்பல் போன்றவற்றின் ரேடியோப் பேச்சைத் தேடிக் கேட்க உதவும் யூனிடன் பிசி125ஏடி மாதிரியான ஸ்கேனரை வாங்கிய கையோடு பலரும் அதைக் கணினியில் இணைத்து, எங்கிருந்தோ கிடைத்த அதிர்வெண் பட்டியலை மொத்தமாக ஏற்றிவிடுகிறார்கள். பிறகு ஒரு சேனல் பேசாவிட்டால், கோளாறு எங்கே என்று பிடிபடுவதில்லை. முதல் பத்து சேனலையாவது கையால் பதியுங்கள். ஹோல்டை அழுத்தி ஸ்கேனை நிறுத்தி, சேனல் எண்ணுக்குப் போய், அதிர்வெண்ணைப் புள்ளியோடு தட்டிப் பதிவுப் பொத்தானை அழுத்த வேண்டும். பொத்தான்களின் பெயர் மாடலுக்கு மாடல் மாறும். வரிசை பெரும்பாலும் இதுதான்.

அதிர்வெண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஒலிபரப்பு முறையும் பொருந்த வேண்டும்: விமானப் பேச்சு ஏஎம், கடல்வழித் தொடர்பு எஃப்எம். 121.5 மெகாஹெர்ட்ஸை எஃப்எம்மில் பதிந்தால் குரல் தெளியவே தெளியாது. முறையைத் தானியங்கி (ஆட்டோ) நிலையில் விட்டால் கருவியே பெரும்பாலும் சரியாகத் தேர்ந்துகொள்ளும். கணினிக் கோப்பிலிருந்து ஏற்றும்போதுதான் இது தவறுகிறது.

புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது டோன். குரலோடு சேர்ந்து வரும் தாழ்ந்த அடையாள ஒலிதான் சிடிசிஎஸ்எஸ் டோன்; பதிந்த டோன் பொருந்தினால்தான் ஸ்பீக்கர் திறக்கும். அது ஒரு எண் தள்ளிப் பதிந்திருந்தாலும் போதும், திரையில் சிக்னல் கட்டைகள் ஏறும், ஸ்பீக்கர் வாயே திறக்காது. ஆன்டெனாவைக் குறை சொல்லுமுன் டோனை நீக்கிவிட்டுக் கேளுங்கள். குரல் வந்தால் டோன் தேடலில் வையுங்கள். யாராவது பேசும்போது சரியான எண் திரையில் வரும், அதைப் பதியலாம். சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்க்வெல்ச்சை, இரைச்சல் அடங்கும் இடத்திலிருந்து ஒரு மயிரிழை மட்டும் கூட்டினால் போதும். அதற்கு மேல் திருகினால் தொலைதூரச் சிக்னல்கள் அடிபட்டுப் போகும்.

பிசி125ஏடியில் 500 சேனல், 50 வீதம் 10 பேங்க் (சேனல் தொகுதி). விமானம், கடல், அமெச்சூர் ரேடியோ என்று பேங்க் பிரித்து, தேவையானதை மட்டும் திறந்து வையுங்கள். எல்லாவற்றையும் ஓடவிட்டால், ஸ்கேன் ஒரு சுற்று வருவதற்குள் விமானியின் மூன்று நொடிப் பேச்சு முடிந்துவிடும். பதில் வரும் சேனல்களுக்கு 2 நொடி டிலே, அதாவது பேச்சு நின்ற பிறகும் அங்கேயே காத்திருக்கும் நேரம், அவசியம். ஓயாமல் இரையும் சேனலை லாக்அவுட் செய்து ஸ்கேனிலிருந்து விலக்குங்கள்.

கூட வரும் ரப்பர் ஆன்டெனா தொடக்கத்துக்குப் போதும். பிறகு நீட்டி மடக்கும் ஆன்டெனா வாங்கினால் நீளத்தைக் கணக்கிட்டு வையுங்கள்: 7500ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைநீளம் சென்டிமீட்டரில் வரும். 121.5க்குச் சுமார் 62, கடல் 16ஆம் சேனலான 156.8க்குச் சுமார் 48. விமான அலைகளில் பாட்டு கேட்டால், பக்கத்து எஃப்எம் நிலையத்தின் வலிமை உள்ளே புகுகிறது. 88–108ஐத் தடுக்கும் வடிகட்டி உதவும்.

கணினி கருவியை அடையாளம் காணாவிட்டால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய உண்டு. கணினியிலிருந்து கருவிக்கு எழுதுமுன், கருவியில் ஏற்கெனவே உள்ளதைக் கணினியில் படித்துச் சேமியுங்கள், இல்லாவிட்டால் கையால் பதிந்தவை அழியும். பேட்டரி அறையில் உள்ள சுவிட்ச் முக்கியம்: சாதாரண ஆல்கலைன் போட்டுவிட்டு ரீசார்ஜ் நிலையில் வைத்து யுஎஸ்பி செருகினால் பேட்டரி கசிந்து முனைகளை அரிக்கும்.

டிஜிட்டல் அமைப்புகளையும், பல குழுக்கள் சேனல்களை மாற்றி மாற்றிப் பகிரும் டிரங்கிங் அமைப்புகளையும் இந்த வகை ஸ்கேனர் தொடராது. குறியாக்கம் செய்தவற்றை எந்த விலை ஸ்கேனரும் திறக்காது. எதைக் கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும்; பேங்க் நிரப்புமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.