பழைய ஓட்டோ கியர் வேனுக்குக் கியர்பொக்ஸ் மாற்றப் போகிறீர்களா? முதலில் இதை வாசியுங்கள்

எங்களிடம் இருப்பது பழைய டொயோட்டா டவுன்ஏஸ், டீசல், ஓட்டோ கியர். கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறேன். வீட்டுச் சாப்பாடு அந்த வேனில்தான் இருக்கிறது. மார்கழிக் குளிரில் காலையில் டி-யில் (முன்னோக்கி ஓட்டும் நிலையில்) போட்டால் வண்டி அசையாமல் நிற்கத் தொடங்கியது. கியர்பொக்ஸ் முடிந்துவிட்டது என்றார்கள்.

கம்பளைப் பக்கம் ஒரு கராஜில் விசாரித்தேன். முதலாளி வேனின் அடையாளத் தகட்டைக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, டொயோட்டா வேன் எல்லாத்துக்கும் ஒரே சாமான்தான், ரீகண்டிஷன் இருக்கு" என்றார். நம்பி 75,000 ரூபாய் முற்பணம் கொடுத்தேன். மூன்றாம் நாள் வண்டி கைக்கு வந்தது. கராஜ் வாசலில், சமதரையில் ஓட்டிப் பார்த்தபோது கொஞ்சம் மந்தமாக இருந்தது. "புதுசு, பழகிடும்" என்றார்.

நாவலப்பிட்டி தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் வண்டி படுத்துவிட்டது. டி-யில் எஞ்சின் முனகுகிறது, சக்கரம் ஏறவில்லை. எல்-லில் (ஏற்றத்துக்கான தாழ்ந்த நிலையில்) போட்டால் மட்டும் முதல் கியர் பிடித்து ஏறுகிறது. அப்படியே எல்-லிலேயே ஹட்டன் வரை வந்தேன். மறுநாள் பிள்ளைகளை ஏற்றப் பயந்து ஹயரை நிறுத்தினேன்.

ஹட்டனில் வயதான மெக்கானிக் அண்ணன் ஒருவர் வண்டியை ஜெக்கில் ஏற்றிக் கீழே படுத்தார். என்னையும் டோர்ச்சோடு உள்ளே கூப்பிட்டார். கியர்பொக்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த எண்ணெய்ச் சேற்றைத் துணியால் துடைத்ததும் சின்ன உலோகத் தகடு ஒன்று தெரிந்தது: 30-40எல்ஈ. அதற்கு மேலே, பல வயர் போகும் சொக்கெட் ஒன்று எதிலும் மாட்டாமல், கறுப்பு டேப் சுற்றி, டை போட்டுக் கட்டப்பட்டிருந்தது. "இது ஏ340ஈ தம்பி, 30-40எல்ஈ அதன் இன்னொரு பெயர். கம்பியூட்டர் இல்லாம இது கியர் மாறாது" என்றார். உள்ளே இருக்கும் சொலனொய்ட்களுக்கு, அதாவது கரண்டில் இயங்கும் வால்வுகளுக்கு, கரண்ட் வராவிட்டால் டி-யில் போட்டாலும் நேரே நான்காவது கியரில்தான் நிற்குமாம். என் வேனோடு ஜப்பானிலிருந்து வந்த பழைய கியர்பொக்ஸோ எண்ணெய் அழுத்தத்தில் தானாகவே கியர் மாறுகிற வகை. அதற்குக் கம்பியூட்டர் தேவையே இல்லை.

உங்கள் வேனோடு முதலில் வந்தது எந்தக் கியர்பொக்ஸ் என்பதை அறிய வேனின் அடையாளத் தகட்டில் 'டிரான்ஸ்/எக்ஸல்' என்ற வரியைப் பாருங்கள். முதலில் இருப்பது கியர்பொக்ஸ் கோட், அடுத்தது எக்ஸல் கோட். என்னுடையதில் ஏ45டிஎல் என்றிருந்தது. டொயோட்டா கோட்டில் டி ஓவர்டிரைவை (வேகமாக ஓடும்போது விழும் மேல் கியரை) குறிக்கும், எல் லொக்-அப்பை (எஞ்சினையும் கியர்பொக்ஸையும் நேராகப் பூட்டுவதை), ஈ இலெக்ட்ரோனிக்கை, எஃப் நான்கு சக்கர இழுவையை. நிசானில் ஆர்ஈ என்று தொடங்கினால் இலெக்ட்ரோனிக், ஆர்எல் என்றால் எண்ணெய் அழுத்த வகை. எக்சலேட்டர் கேபிள் கியர்பொக்ஸுக்குப் போகிறது என்பதை வைத்து அது எண்ணெய் அழுத்த வகை என்று முடிவெடுக்க வேண்டாம், ஏ340ஈ-யிலும் அந்தக் கேபிள் உண்டு.

இன்னொன்று, தகடு சொல்வது ஜப்பானில் பூட்டியதை மட்டும்தான். நம்மூரில் ஓடும் வேன்களில் எத்தனை கைமாறி, எத்தனை கியர்பொக்ஸ் மாறியிருக்குமோ! ஆகையால் கீழே படுத்து, கியர்பொக்ஸ் மேலுள்ள தகட்டையும், எண்ணெய்த் தட்டின் வடிவத்தையும் போல்ட் எண்ணிக்கையையும், வயர் சொக்கெட்டையும் போட்டோ எடுங்கள். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் சரி, பக்கத்து ஊரில் வாங்கினாலும் சரி, வரும் சாமானை அந்தப் போட்டோவோடு ஒப்பிட்ட பிறகே காசைக் கொடுங்கள்.

பழைய கியர்பொக்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் திரும்பிப் போய்ப் பணத்தைக் கேட்டபோது, மாற்றித் தருகிறேன், பழையதையாவது கொண்டு வா என்றார் முதலாளி. அதை அவரே கழற்றிய அன்றே பழைய இரும்புக்குப் போட்டிருந்தார்.