வெள்ளை போர்டு கேரவன் வாடகைக்கு எடுக்காதீங்க, வடசென்னை மக்களே உஷார்

லீவுல குடும்பத்தோட கேரவன்ல டூர் போலாம்னு நினைக்கிறவங்க தயவுசெஞ்சு இத படிச்சிட்டு அட்வான்ஸ் போடுங்க. மாதவரம் பக்கம் ஒருத்தர் வாடகைக்கு விடுறாரு, பெட்டு, கிச்சன், பாத்ரூம், ஏசி எல்லாம் இருக்குன்னு வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்புனாரு. முழுப் பணமும் முன்னாடியே கட்டணும், டெபாசிட் தனி.

பசங்களுக்காகத்தான் இந்த டூரே. வடநெம்மேலி முதலைப் பண்ணை, மாமல்லபுரம் வெண்ணெய் உருண்டைக் கல்லு, ஆலம்பரை கோட்டை, கடைசியா திருவக்கரை கல்மரம். ரெண்டு கோடி வருஷத்துக்கு முன்னாடி மரமா இருந்தது கல்லா கிடக்குதுன்னு கேட்டதுல இருந்து பெரியவன் தெருவுல ஒருத்தர விடல, எல்லார்கிட்டயும் சொல்லிட்டான்.

மாமல்லபுரம் வரைக்கும் நல்லாத்தான் போச்சு. 1908-ல வெள்ளைக்கார கவர்னர் ஏழு யானைய கட்டி இழுத்தும் அசையலன்னு சொல்வாங்களே, அந்த கல்லுக்கு கீழ பசங்க முட்டுக் குடுத்து நின்னு போட்டோ எடுத்தாங்க. மத்தியானம் நிழல்ல வண்டிய ஓரங்கட்டி சாப்பிட உக்காந்தோம், கொஞ்ச நேரத்துல ஏசி நின்னுபோச்சு. டிரைவர் தம்பிய கேட்டா "என்ஜின் ஓடுனாதான் சார் ஏசி"ன்றாரு. நான் எலக்ட்ரிக்கல் வேலை பாக்குறவன், சீட்ட தூக்கி பாத்தேன், 150 ஏஹெச் (ஆம்பியர் அவர்) பேட்டரி ஒண்ணே ஒண்ணு, அதுவும் உப்பிப்போய் கிடக்குது. புது பேட்டரியாவே இருந்தாலும் 12 வோல்ட்டால பெருக்கினா 1800 வாட் அவர், ஏசி இழுக்குறது 1500 வாட் கிட்ட, ஒண்ணேகால் மணி நேரம் கூட தாண்டாது. ராத்திரி முழுக்க ஓடும்னு சொல்லித்தான் பணம் வாங்குனாரு. ஜெனரேட்டர் கிடையாது, கரண்ட் இழுக்க வெளிய பிளக்கும் கிடையாது. ஆயாவுக்கு சுகர் வேற, ராத்திரி பூரா ஜன்னல தொறந்து வெச்சி கொசுக்கடியில துண்டால விசிறிக்கிட்டே இருந்தாங்க, பாவம்.

இதெல்லாம் கூட விடலாம். ஆலம்பரை பாத்துட்டு மரக்காணம் உப்பளம் தாண்டுறதுக்குள்ள வண்டிய செக்கிங்ல நிறுத்திட்டாங்க. ஆபீசர் கீழ இறங்கி நம்பர் பிளேட்டு ஓரத்துல நகத்த விட்டாரு, மஞ்சள் ஸ்டிக்கர் அப்படியே உரிஞ்சு வந்துச்சு, கீழ வெள்ளை போர்டு. சொந்த உபயோகத்துக்குன்னு ரெஜிஸ்டர் பண்ண வண்டி, பர்மிட் கிடையாது, எஃப்சி (வண்டி ஓட்டத் தகுதியா இருக்குன்ற சான்று) கிடையாது. வண்டிய அங்கயே பிடிச்சிட்டாங்க, அவர் செஞ்சது சரிதான், அவர்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா நாங்க ஸ்டவ், குண்டா, பாய், தண்ணி கேன் எல்லாத்தையும் ரோட்டோரம் இறக்கி வெச்சிட்டு, ஆயாவ வெயில்ல உக்கார வெச்சிட்டு, பாண்டில இருந்து வர்ற பஸ்ஸுக்கு கைகாட்டி நின்னோம். திருவக்கரைக்கு போகவே இல்ல, பையன் வீடு வர்ற வரைக்கும் பேசல.

ஓனருக்கு போன் பண்ணா "செக்கிங்ல மாட்னதுக்கு நான் என்னா பண்றது"ன்றாரு. பாக்கி நாள் வாடகையும் வரல, டெபாசிட்டும் வரல, மேல கீறல்னு ஒரு பில்லு வேற அனுப்புறாரு. கிளம்பும்போதே வண்டிய சுத்தி வீடியோ எடுத்திருந்தேன், அந்த கீறல் அதுல தெளிவா தெரியுது.

டிரைவரோட வாடகைக்கு வர்ற வண்டின்னா மஞ்சள் போர்டுல கறுப்பு எழுத்து இருக்கணும், நாமளே ஓட்டிட்டு போறதுன்னா கறுப்பு போர்டுல மஞ்சள் எழுத்து. போட்டோவ நம்பாதீங்க, வண்டி நம்பர கேட்டு வாங்கி அரசாங்கத்தோட எம்பரிவாகன் ஆப்ல போடுங்க, எந்த வகை வண்டி, எஃப்சி எப்ப முடியுது, இன்சூரன்ஸ் இருக்கா எல்லாம் வந்துரும். நம்பர் குடுக்க இழுத்தாருன்னா அப்படியே விட்ருங்க. வெள்ளை போர்டு வண்டி வாடகைக்கு ஓடி ஆக்சிடென்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கம்பெனி கைய விரிச்சிரும், உள்ள இருக்குறது நம்ம குழந்தைங்க.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிச்சு புகார் பதிஞ்சாச்சு. அடுத்து நுகர்வோர் ஆணையம், 2019 சட்டப்படி நாம குடியிருக்குற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், குடுத்த பணம் அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸும் இல்ல. ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, வீடியோ எல்லாம் பிரிண்டு, பென்டிரைவ்னு ரெடி பண்ணிட்டேன். இந்த ஆள்கிட்ட பணத்த விட்டவங்க வேற யாராவது இருந்தா நீங்களும் புகார் குடுங்க, பில்லு இல்லன்னாலும் பணம் அனுப்புன மெசேஜ் போதும்.