ஒரே நம்பர் நூல், ஒரே துணி ஆகுமா? குல விதி வைத்துக் கோஹோமாலஜிகளை ஒப்பிடுவது

திருப்பூரில் '30-ஆம் நம்பர் நூல்' என்று மட்டும் சொல்லி ஆர்டர் கொடுத்தால் நிட்டிங்காரர் மெஷினை ஓட்டமாட்டார். லூப் நீளம் எவ்வளவு, மெஷின் கேஜ் என்ன, ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) எவ்வளவு வரணும் என்று கேட்பார். நூல் ஒன்றுதான், துணி பல. பெருக்கல் உள்ள கோஹோமாலஜி கோட்பாடுகளை 'ஃபார்மல் குரூப் லா' கொண்டு வகைப்படுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் அதையும் இதே காதோடு கேட்க வேண்டும். அந்த விதி நூலின் நம்பர் மாதிரி. சில இடங்களில் அது துணியையே தீர்மானித்துவிடும், சில இடங்களில் பாதி வழியில் கைவிடும். கோவை, ஈரோடு, சேலம் பக்கம் முதுகலை முடித்து, ஹோமாலஜியும் லைன் பண்டிலும் ஓரளவு கைவந்து, அடுத்து எந்தக் கோட்பாட்டைப் பிடிப்பது என்று யோசிப்பவருக்காக இந்த ஒப்பீடு.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. மாறிகள் ய, ர, ல. குரூப்பைப் பாடப்புத்தகம் குலம் என்பதால் ஃபார்மல் குரூப் லா இனி 'குல விதி', எழுதும்போது கு(ய, ர).

விதி எங்கே பிறக்கிறது

லைன் பண்டில்களுக்கெல்லாம் தாய்வீடு, முடிவிலாப் பரிமாண காம்ப்ளெக்ஸ் ப்ரொஜெக்டிவ் வெளியான சிபி∞. ஒரு கோட்பாட்டில் இதன் 2-ஆம் படியில் ய என்ற உறுப்பு கிடைத்து, அதைச் சிபி1 என்ற கோளத்துக்குச் சுருக்கும்போது அங்குள்ள அலகு உறுப்பே வந்தால், அந்தக் கோட்பாடு 'காம்ப்ளெக்ஸ் ஓரியண்டட்'. அப்போது சிபி∞-இன் கோஹோமாலஜி வேறொன்றுமில்லை, கெழு வளையத்தின் மேல் ய-வின் அடுக்குத் தொடர்கள். எந்த லைன் பண்டிலும் சிபி∞-க்குப் போகும் வரைவு ஒன்றால் வருவது; அந்த வரைவு வழியே ய-வை இழுத்துவந்தால் கிடைப்பது பண்டிலின் முதல் செர்ன் வகுப்பு. இரண்டு லைன் பண்டில்களின் முதல் செர்ன் வகுப்புகள் ய, ர என்றால், அவற்றின் டென்சர் பெருக்கத்தின் வகுப்பு கு(ய, ர). டென்சரில் அற்பப் பண்டில் அலகு, வரிசை மாற்றலாம், அடைப்பை நகர்த்தலாம். ஆகவே கு(ய, 0) = ய, கு(ய, ர) = கு(ர, ய), கு(கு(ய, ர), ல) = கு(ய, கு(ர, ல)).

முதல் தடுக்கல் இங்கேயே இருக்கிறது. எல்லாக் கோட்பாட்டிலும் ய கிடைக்காது. சிபி2 என்பது கோளத்தின்மேல் 4-பரிமாணத் தட்டு ஒன்றை ஹாப்ஃப் வரைவான ஈட்டாவின் வழியே ஒட்டியது. ய அங்கே நீளவேண்டுமானால் அந்தக் கோட்பாட்டின் கண்ணுக்கு ஈட்டா பூஜ்யமாகத் தெரிய வேண்டும். மெய்யெண் வெக்டர் பண்டில்களைக் கொண்டு கட்டிய மெய்யெண் கே-தியரியில் ஈட்டா பூஜ்யமில்லை. எனவே அதற்குக் குல விதியே கிடையாது. வகைப்பாடு தொடங்கும் முன்பே பயனுள்ள ஒரு கோட்பாடு வரிசையிலிருந்து வெளியே போய்விட்டது.

இரண்டாவது, ய ஒன்றே ஒன்றல்ல. ய-வுக்குப் பதில் ய + அய² + … என்று எடுத்தாலும் சரிதான். விதியின் தோற்றம் மாறும், உள்ளே இருக்கும் குலம் மாறாது. ஈரோட்டுச் சந்தையில் துணியை மீட்டரில் அளந்தாலும் கெஜத்தில் அளந்தாலும் துணி அதுதானுங்க. அதனால் இரண்டு சூத்திரங்களின் முகத்தை மட்டும் பார்த்து 'வேறு வேறு' என்று முடிவுகட்டக் கூடாது.

சாதாரண கோஹோமாலஜியும் கே-தியரியும்

முழு எண் கெழு உள்ள சாதாரண கோஹோமாலஜியில் கு(ய, ர) = ய + ர. இது தேர்வு அல்ல, கட்டாயம். யர-வின் கெழு 2-ஆம் படியில் இருக்க வேண்டும், அங்கே வளையம் வெறுமை. காம்ப்ளெக்ஸ் வெக்டர் பண்டில்களால் கட்டிய கே-தியரியில், தலைகீழ் உள்ள பாட் உறுப்பு ப 2-ஆம் படியில் நிற்கிறது. லைன் பண்டிலிலிருந்து 1-ஐக் கழித்து ப-வால் வகுத்ததை ய என்று எடுத்தால் கு(ய, ர) = ய + ர + ப·யர. (1 + பய)(1 + பர) என்ற பெருக்கலை விரித்தால் வேறெதுவும் வராது.

இந்த இரண்டும் உண்மையிலேயே வேறா? விகிதமுறு எண்களின் மேல் வேறில்லை. அங்கே எந்தக் குல விதியும் அதன் மடக்கைத் தொடரால் ய + ர ஆகிவிடும். ப = 1 என்று வைத்தால் கே-தியரிக்கு அந்தத் தொடர் ய − ய²/2 + ய³/3 − …, நாம் பள்ளியில் பார்த்த மடக்கைதான். 2, 3 என்ற பகுதிகளைப் பாருங்கள். முழு எண்களில் அவை இல்லாததால்தான் அங்கே இரண்டு விதிகளும் பிரிந்து நிற்கின்றன. வேறுபாடு முழுதும் பகா எண்களிடம் இருக்கிறது.

பலன் என்ன என்று கேட்டால், எந்தக் கோளங்களுக்கிடையே ஹாப்ஃப் இன்வேரியண்ட் 1 உள்ள வரைவு உண்டு என்ற கேள்வியைச் சாதாரண கோஹோமாலஜியின் இரண்டாம் நிலைச் செயலிகளைக் கொண்டு ஆடம்ஸ் 1960-இல் நீண்ட கட்டுரையாக முடித்தார். அதையே 1966-இல் ஆடம்ஸும் அதியாவும் கே-தியரியால் சில பக்கங்களில் முடித்தார்கள். ஆனால் கிராஸ்மானியன் மாதிரி, இரட்டைப் பரிமாணச் செல்கள் மட்டுமே உள்ள வெளிக்குக் கே-தியரியைத் தூக்கிக்கொண்டு போவது வீண் சுமை. அங்கே எந்த ஓரியண்டட் கோட்பாடும் செல் ஒன்றுக்கு ஒரு உறுப்பு என்றே தரும். டென்சர் பெருக்கத்தின் செர்ன் வகுப்புகளைக் கணக்கிடும்போது மட்டும்தான் விதி தலைகாட்டும்.

எல்லாவற்றுக்கும் மூல நூல்

லசார் 1955-இல் காட்டியது: எல்லாக் குல விதிகளுக்கும் மேலே ஒரு மூல விதி உண்டு, அது வாழும் வளையம் 2, 4, 6, … படிகளில் ஒவ்வொரு மாறி உள்ள பல்லுறுப்புக் கோவை வளையம். மேனிஃபோல்டுகளைக் கொண்டு கட்டும் கோட்பாடான காம்ப்ளெக்ஸ் கோபார்டிசம், சுருக்கமாக எம்யூ; அதன் கெழு வளையமும் அதே வடிவம் என்று 1960-இல் மில்னரும் நோவிகோவும் தனித்தனியாகக் கண்டார்கள். வடிவம் மட்டுமல்ல, விதியோடு சேர்த்தே இரண்டும் ஒன்றுதான் என்று 1969-இல் குவில்லன் நிறுவினார்.

விதியின் கெழுக்களையே அந்த மாறிகளாக எடுத்துக்கொள்வதுதான் பலர் செய்யும் தவறு. கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் தெளியும். விதியை 4-ஆம் அடுக்கு வரை இப்படி எழுதுங்கள்:

கு = ய + ர + அ·யர + இ(ய²ர + யர²) + உ(ய³ர + யர³) + எ·ய²ர²

கு(கு(ய, ர), ல)-வில் ய²ரல-வின் கெழு 3அஇ + 3உ. கு(ய, கு(ர, ல))-வில் அதே கெழு அஇ + 2எ. இரண்டும் சமமாக வேண்டும், ஆகவே 2எ = 3உ + 2அஇ. இதை மாற்றி எழுதினால் உ = 2(எ − உ − அஇ). அதாவது உ எப்போதும் இரட்டை. உண்மையான புதிய மாறி அடைப்புக்குள் இருக்கும் எ − உ − அஇ. அதை ஒ என்றால் உ = 2ஒ, எ = 3ஒ + அஇ. 2, 3, 2 என்ற இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? (ய + ர)⁴-இன் நடு உறுப்புகளான 4, 6, 4-ஐ 2-ஆல் வகுத்தவை. அடுக்கு ஏதாவது பகா எண்ணின் அடுக்காக இருந்தால் அந்தப் பகா எண்ணால் வகுக்க வேண்டும், இல்லாவிட்டால் 1-ஆல். 6-ஆம் அடுக்கில் 6, 15, 20 அப்படியே நிற்கும். லசார் நிரூபணத்தின் கடினமான பகுதி முழுதும் இந்த வகுத்தலைச் சுற்றித்தான்.

உயரம் என்ற நம்பர்

பகா எண் ஒன்றை நிறுத்திக்கொண்டு, ய-வை அத்தனை முறை விதிப்படி கூட்டிப் பாருங்கள். அந்தப் பகா எண்ணின் மட்டில் (மாடுலோ) மிஞ்சும் முதல் உறுப்பில் ய-வின் அடுக்கு, அந்தப் பகா எண்ணின் எத்தனையாவது அடுக்கோ அதுவே விதியின் உயரம். 3-ஐ எடுப்போம். சாதாரண கோஹோமாலஜியில் 3ய, 3-இன் மட்டில் 0. உயரம் முடிவிலி. கே-தியரியில் 3ய + 3பய² + ப²ய³, மட்டில் ப²ய³. முதல் அடுக்கு 3, உயரம் 1. முதல் அடுக்கு 9 என்றால் உயரம் 2. சிறப்பியல்பு 3 உள்ள, இயற்கணித முறையில் மூடிய புலத்தின் மேல் இந்த ஓர் எண்ணே விதியை முழுதாகத் தீர்மானிக்கிறது. இதுவும் லசாருடையது. நூலுக்கு நம்பர் போல என்றது இதைத்தான்.

உயரம் 2 வேண்டுமென்றால் நீள்வட்ட வளைவுகளிடம் போக வேண்டும். ர² = ய³ + 1 என்ற வளைவை எடுங்கள். 5 உறுப்புப் புலத்தில் முடிவிலிப் புள்ளியையும் சேர்த்து 6 புள்ளிகள், 7 உறுப்புப் புலத்தில் 12. எண்ணிக்கையில் 1 கழித்தால் 5, 11. முதலாவது 5-ஆல் வகுபடுகிறது, ஆகவே 5-இல் உயரம் 2. இரண்டாவது 7-ஆல் வகுபடவில்லை, உயரம் 1. ஒரே வளைவு, பகா எண் மாறினால் நம்பர் மாறுகிறது. நீள்வட்ட வளைவின் குல விதிக்குப் பகா எண் எதிலும் 2-க்கு மேல் உயரம் வராது.

அதற்கும் மேலே மொராவா கே-தியரிகள். உயரம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. 3-இல், உயரம் 1-க்கான மொராவா கோட்பாட்டின் இரண்டு பிரதிகள் சேர்ந்தால் 3-இன் மட்டில் எடுத்த கே-தியரி. உயரம் 2-க்கானதில் கெழு வளையத்தின் உறுப்பு 16-ஆம் படியில். இவற்றின் தனிச் சிறப்பு, கெழு வளையம் கிட்டத்தட்டப் புலம், ஆகவே இரண்டு வெளிகளின் பெருக்கத்துக்கு கினெத் சூத்திரம் எந்த மீதியும் இல்லாமல் ஓடும். எம்யூ-வில் இந்தச் சுகம் கிடையாது.

செலவை ஒரே பண்டத்தில் ஒப்பிடலாம். 3 உறுப்புச் சுழற்குலத்தின் வகைப்படுத்தும் வெளியை எடுத்தால், 3-இன் மட்டில் சாதாரண கோஹோமாலஜிக்கு எல்லாப் படியிலும் ஒவ்வொரு உறுப்பு, முடிவே இல்லை. உயரம் 1-இல் தரம் 3. உயரம் 2-இல் 9. உயரம் 3-இல் 27. உயரம் ஏற ஏற அதிகம் தெரியும், கணக்கும் அதே வேகத்தில் பெருக்கும்.

லேப் டிப்

இப்போது திரும்பி வரலாம்: விதியைக் கொடுத்தால் கோட்பாடு கிடைக்குமா? வழி எளிது போலத் தெரியும். எம்யூ ஹோமாலஜியை எடுத்து, மூல வளையத்திலிருந்து புதிய வளையத்துக்கு டென்சர் செய்வது. ஆனால் டென்சர் செய்தால் நீள் துல்லியத் தொடர் அறுந்துபோகலாம். சாயப்பட்டறையில் லேப் டிப் (சிறு துண்டில் போடும் மாதிரிச் சாயம்) ஓகே ஆகாமல் மொத்தத் துணிக்கும் பல்க் சாயம் போடமாட்டார்கள். இங்கே அந்தச் சோதனை லேண்ட்வெபர் 1976-இல் தந்தது. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் வரிசையாகப் பாருங்கள்: அந்தப் பகா எண்ணால் பெருக்கினால் வளையத்தில் எதுவும் மறையக் கூடாது. அதை நீக்கிய மீதியில் வி1-ஆல் பெருக்கினால் எதுவும் மறையக் கூடாது. அந்த மீதியில் வி2. மீதி பூஜ்யமானால் சோதனை அங்கேயே முடிந்தது, பாஸ். வி1, வி2 என்பவை உயரம் 1, 2-ஐக் காட்டும் கெழுக்கள். 3-க்கு, ய³-இன் கெழுவும் ய⁹-இன் கெழுவும்.

கே-தியரியில் 3 எதையும் மறைக்காது. வி1 = ப², ப-வுக்குத் தலைகீழ் உண்டு, மீதி பூஜ்யம். பாஸ். இந்த டென்சர் கே-தியரியையே தருகிறது என்பதை கானரும் ஃப்ளாய்டும் 1966-லேயே கண்டிருந்தார்கள்.

சாதாரண கோஹோமாலஜி ஃபெயில். 3-ஐ நீக்கினால் மூன்றே உறுப்புள்ள புலம் மிஞ்சுகிறது, வி1 அங்கே 0, எல்லாவற்றையும் மறைக்கிறது. இது காகிதத்தில் மட்டும் உள்ள குறை அல்ல. 3-க்கான இரண்டு 7-பரிமாண லென்ஸ் வெளிகளின் பெருக்கத்தில், எந்த மேனிஃபோல்டின் பிம்பமாகவும் வராத 7-பரிமாண ஹோமாலஜி வகுப்பைத் தாம் 1954-இல் காட்டினார். எம்யூ-விலிருந்து எவ்வளவு டென்சர் செய்தாலும் அந்த வகுப்பு வராது.

பலரும் சறுக்குவது கனெக்டிவ் கே-தியரியில். விதி அதேதான், ய + ர + ப·யர. ஆனால் ப-வுக்குத் தலைகீழ் இல்லை. 3 பாஸ், ப² பாஸ். மீதியில் 1, ப இரண்டும் நிற்கின்றன, அங்கே வி2 = 0. ஃபெயில். கே-தியரிக்கு மூன்றாம் படி வரவேயில்லை, இதற்கு வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நீள்வட்டக் கோஹோமாலஜிக்கு ஆய்லர் தந்த கூட்டல் சூத்திரம் கையில் இருக்கிறது. 2-க்குத் தலைகீழ் வேண்டும், வளைவின் டிஸ்கிரிமினன்ட்டுக்கும் (வளைவு முறிந்தால் பூஜ்யமாகும் அளவு) தலைகீழ் வேண்டும், பிறகு பாஸ். 2-ஐ ஏன் ஒதுக்க வேண்டும் என்பதை வளைவு முறிந்துபோகும் ஓரத்தில் பார்த்தாலே ஒரு காரணம் தெரியும். அங்கே ஆய்லர் சூத்திரம் (ய + ர)/(1 + யர) ஆகச் சுருங்குகிறது. மூன்று முறை கூட்டினால் (3ய + ய³)/(1 + 3ய²), 3-இன் மட்டில் ய³, உயரம் 1. இரண்டு முறை கூட்டினால் 2ய/(1 + ய²), 2-இன் மட்டில் 0. 2-இல் விதியின் உயிரே போய்விடுகிறது.

சோதனை பாஸானால் விதி கோட்பாட்டை முழுதாகப் பிடித்துவிடும். அந்த விதியும் வளையமும் உள்ள வேறொரு கோட்பாடு இருந்தால், டென்சர் செய்ததிலிருந்து அதற்கு இயல்பான வரைவு உண்டு. ஒற்றைப் புள்ளியில் அது ஐசோமார்ஃபிசம், இரண்டு பக்கமும் ஹோமாலஜி கோட்பாடு, ஆகவே எங்கும் ஐசோமார்ஃபிசம். ஃபெயிலானால் இந்த உத்தரவாதம் இல்லை. 2-இல் மொராவா கே-தியரிகளின் பெருக்கலை வரிசை மாற்றிச் செய்தால் விடை மாறும். பெருக்கலைத் திருப்பிப்போட்டால் அதே வளையம், அதே விதி, ஆனால் பெருக்கல் வேறு. கினெத்துக்காக இவற்றைப் பிடிப்பவர் 2-இல் கையெழுத்துப் போடும் முன் இதைக் கவனிக்கட்டும்.

தொடங்குபவர் கே-தியரியில் தொடங்கட்டும், விதியின் எல்லாக் குணமும் அங்கே கையளவில் இருக்கிறது. கோளங்களின் ஹோமோடோபிக்குப் போகிறவருக்கு எம்யூ தவிர்க்க முடியாது, ஒரு பகா எண்ணோடு மட்டும் வேலை என்றால் அதன் மெலிந்த வடிவமான பீபி போதும். உயரம் 2 தேவை என்று கேள்வியே சொல்லும்வரை நீள்வட்டப் பக்கம் போகாதீர்கள்.

இயற்கணித வடிவியல் ஆட்களுக்கு மட்டும் இந்த லேப் டிப் தொல்லையில்லை. சிறப்பியல்பு 0 புலத்தின் மேல் லெவைனும் மொரெலும் கட்டிய இயற்கணிதக் கோபார்டிசத்தில், எந்த விதியைக் கொடுத்து டென்சர் செய்தாலும் கோட்பாடு கிடைக்கும். ய + ர கொடுத்தால், உள்வெளிகள் ஒன்றையொன்று வெட்டுவதைப் பெருக்கலாகக் கொண்ட சௌ வளையமே வந்து நிற்கிறது. அங்கே நீள் துல்லியத் தொடரை யாரும் கேட்பதில்லை, அதன் வலது ஓரம் மட்டும் போதும், அதை டென்சர் அறுக்காது.