18-55ஆ, 50 எம்எம்மா? வீட்டு ஆட்களைப் படம் எடுக்க எது?

கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் (18-லிருந்து 55 எம்எம் வரை திருப்புகிற ஜூம்) இருக்கும்போது ஜூம் இல்லாத 50 எம்எம் 1.8 தனியாக வாங்கணுமா என்று மச்சான் கேட்டான். இரண்டையும் கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) கிராப் சென்சார், அதாவது ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் உள்ள கேமராவில் மாட்டிப் பார்த்தாச்சு.

செலவு:
18-55: கையிலேயே இருக்கிறது.
50: பத்தாயிரத்தை ஒட்டி வரும்.

வெளிச்சம்:
18-55: 55-க்குத் திருப்பினால் 5.6-க்கு மேல் திறக்காது (லென்ஸ் திறப்பின் எண் இது, எண் சிறிதானால் திறப்பு பெரிது).
50: 1.8 வரை திறக்கும், கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம்.

வித்தியாசம் தெரிவது இங்கேதான். பொழுது சாய்கிற நேரத்தில் அப்பாரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார், 18-55-ல் விரல் அசைந்து கலங்கிப்போச்சு, 50-ல் நகக்கண்ணில் ஒட்டிய சுண்ணாம்பு வரை விழுந்தது. ஆனால் ஒன்றரை மீட்டரில் நின்று 1.8-ல் எடுத்தால் தெளிவாக விழுகிற ஆழம் ஆறு சென்டிமீட்டர்தான், முதல் படத்தில் மீசை பளிச்சென்று இருக்க கண் மங்கல். திறப்பை 2.8-க்குக் குறைத்து, ஃபோகஸ் புள்ளியைக் கண்மேல் வைத்த பிறகுதான் சரியாச்சு.

வசதி:
18-55: ஏழெட்டுப் பேரும் அடங்குவார்கள். 18-ல் கிட்டப்போய் எடுத்தால் மட்டும் மூக்கு பெருத்துவிடும் (அம்மிச்சி இன்னும் திட்டுகிறார்).
50: எல்லோரையும் அடக்கப் பின்னாலேயே நடந்து மாட்டுக் கொட்டகைக்கே போய்விட்டேன்.

ஒரு ஆளை, வீட்டுக்குள், இருக்கிற வெளிச்சத்தில் எடுக்க 50. நோம்பிக்குக் கூடுகிற கூட்டத்துக்கு 18-55 போதும். மச்சானுக்கு ஓடுகிற பையன் இருக்கிறான், ஒரு மாதம் 18-55-ஐ, 50-ஐ ஒட்டி வருகிற 55-லேயே வைத்து வாசலில் பழகட்டும், அப்புறம் வாங்கட்டும்.