ரெண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் ரம்மியா, கிரிபேஜா?

மார்த்தாண்டம் பக்கம் நாலு பேர் சீட்டுக்கு உட்கார்ந்தால் இருபத்தெட்டுதான். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. அப்புறம் ஏலம், கவிழ்த்து வைத்த துருப்பு. அதோடு போட்டி போட எந்த ஆட்டத்தையும் நான் கொண்டுவரவில்லை. ஆனால் பிள்ளைகள் துபாய்க்கும் பெங்களூருக்கும் போய்விட்ட வீட்டில், மழையோடு கரண்டும் போன சாயங்காலத்தில், நாலு பேருக்கு எங்கே போவது? நானும் வீட்டுக்காரியும் ரம்மியில் தொடங்கினோம். இப்போது ஆடுவது கிரிபேஜ். கப்பல் வேலையில் இருக்கும் மச்சினன் லீவில் வந்தபோது சொல்லித் தந்தது.

ரம்மியை யாருக்கும் விளக்க வேண்டாம். பதின்மூன்று சீட்டு, ஒரு ஒரிஜினல் ரம்மி கட்டாயம், மிச்சத்தை ஜோக்கர் வைத்துச் சரிக்கட்டலாம். அது திறமை ஆட்டம் என்று 1967-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியாயிற்று, நானும் மறுக்கவில்லை. ஐந்தாறு பேர் உட்கார்ந்தால் இன்றைக்கும் என் ஓட்டு ரம்மிக்குத்தான். ரெண்டு பேர் ஆடும்போதுதான் சிக்கல். கையில் குப்பையாக வந்தால் 20 புள்ளி கொடுத்து டிராப் ஆகிவிடலாம். எதிரில் இருப்பது ஒரே ஆள் என்பதால் அந்தக் கை அதோடு முடிந்தது. திரும்பவும் கலை, திரும்பவும் போடு. பைசா வைத்து ஆடினால் அந்த 20 உறைக்கும். வைக்காமல் ஆடும் எங்களுக்கு அது வெறும் எண்.

கிரிபேஜ் 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிறந்தது. சர் ஜான் சக்ளிங் என்ற கவிஞர் உண்டாக்கியதாகச் சொல்வார்கள். ஜோக்கர் இல்லாத ஒரே கட்டு. ஆளுக்கு ஆறு சீட்டு போட்டு, இருவரும் ரெண்டு ரெண்டாகக் கவிழ்த்து ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய நாலும் சேர்ந்ததுதான் கிரிப். அது சீட்டு போட்டவருக்குச் சொந்தம். அடுத்து எதிராளி கட்டை வெட்ட, மேல் சீட்டைத் திருப்பி வைப்பார்கள். அது ஜாக்கியாக இருந்தால் போட்டவருக்கு உடனே 2.

பிறகு கையிலுள்ள நாலையும், சீட்டு போடாதவர் தொடங்க, மாறி மாறி இறக்கிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் பத்து, ஏஸ் ஒன்று. கூட்டல் 15 ஆக்கினால் 2, சரியாக 31 ஆக்கினாலும் 2. முந்தின சீட்டுக்கு ஜோடி போட்டால் 2. அடுத்தடுத்த எண்கள் வரிசையாக அமைந்தால் சீட்டுக்கு ஒன்று. 31-ஐத் தாண்டக் கூடாது. இருவராலும் இறக்க முடியாத கட்டத்தில் கடைசியாக இறக்கியவருக்கு 1, கூட்டல் திரும்பப் பூஜ்யத்திலிருந்து. முதல் சீட்டாக ஐந்தை மட்டும் இறக்காதீர்கள். எதிராளியிடம் ஒரு பத்து இல்லாமல் இருக்காது.

கடைசியில், இறக்கிய நாலையும் அவரவர் திரும்ப எடுத்து எண்ணிக்கை. திருப்பி வைத்த சீட்டு எல்லாருக்கும் பொது. 7, 8, 8, 9 கையில் இருந்து 6 திரும்பினால், பதினைந்துகள் மூன்று, அதற்கு 6; 6-7-8-9 வரிசை ரெண்டு விதமாக வருவதால் 8; ஜோடிக்கு 2. ஆக 16. நாலும் ஒரே இனமானால் 4, திருப்பிய சீட்டும் சேர்ந்தால் 5. கிரிப்புக்கு ஐந்தும் ஒத்தால்தான் உண்டு. திருப்பிய சீட்டின் இனத்தில் ஜாக்கி வைத்திருந்தால் 1. உச்சம் 29. எண்ணும் முறையில் போடாதவர் முதலில், பிறகு போட்டவர் கை, அதன் பிறகு கிரிப். முதலில் 121 தொட்டவர் ஜெயித்தார். மற்றவர் அதற்கு மேல் எண்ணக்கூட முடியாது.

என்னைக் கட்டிப்போட்டது அந்த ரெண்டு சீட்டை ஒதுக்கும் வேலைதான். கையில் 2, 3, 9, 10, ஜாக்கி, ராணி, எல்லாம் கலந்த இனம் என்று வையுங்கள். 9, 10, ஜாக்கி, ராணி வைத்தால் வரிசைக்கு 4. 2, 3, 10, ஜாக்கி வைத்தாலும் ரெண்டு பதினைந்து, அதே 4. ஆக, கிரிப் யாருடையது என்பதுதான் கேள்வி. என்னுடையது என்றால் 2, 3-ஐ உள்ளே தள்ளுவேன்; ஒரு பத்து வந்து சேர்ந்தாலே பதினைந்து. அவளுடையது என்றால் அதே ரெண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எதற்கும் ஒட்டாத 9-ஐயும் ராணியையும் கொடுப்பேன். ஒரே ஆறு சீட்டுக்கு ரெண்டு நியாயம். கை குப்பையானாலும் இந்த யோசனைக்கு விலக்கு கிடையாது, ஏனென்றால் இங்கே டிராப் கிடையாது. அடுத்த கையில் போடுகிறவர் மாறுவார், கணக்கும் தலைகீழாகும்.

ரம்மிக்கு ஒரு விஷயத்தில் தலைவணங்க வேண்டும்: வீட்டுக்கு வந்தவரை அப்படியே உட்கார வைத்து ஆடலாம். கிரிபேஜுக்கு ஒரு சாயங்காலம் பாடம் எடுக்க வேண்டும். கூட்டலில் சோம்பல் உள்ளவருக்கு அது எரிச்சலாகவே இருக்கும். மூன்று பேரும் ஆடலாம்: ஆளுக்கு ஐந்து சீட்டு, ஒவ்வொன்றாக ஒதுக்கி, கட்டிலிருந்து ஒன்று சேர்ப்பார்கள். நாங்கள் எப்போதும் ரெண்டே பேர் என்பதால் அது எவ்வளவு ருசிக்கும் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

புள்ளி குறிக்கத் துளை போட்ட பலகை வேண்டும். ரப்பர் மரத் துண்டு ஒன்றில் ஆளுக்கு ரெண்டு வரிசை, வரிசைக்கு முப்பது துளை, முடிவுக்கு ஒன்று என்று ஆசாரி போட்டுத் தந்தார்; ரெண்டு சுற்று வந்தால் 121. ஆளுக்கு ரெண்டு ஈர்க்கில் துண்டு, பின்னால் நிற்பதை எடுத்து முன்னால் குத்த வேண்டும். பலகை இல்லையென்றால் தாளும் பென்சிலும் போதும். கற்றுக்கொள்ளும் வரை ஒரே சுற்றில், 61-க்கு ஆடுங்கள்.