இரண்டு ஆஃபர் கடிதங்கள்: இணையத்தில் பிறந்த நிறுவனமா, கடையில் வளர்ந்த நிறுவனமா?

முன்பு என் அணியில் வேலை பார்த்த பெண் ஒருத்தி போன மாதம் போன் செய்தாள். கையில் இரண்டு வேலைகள். ஒன்று, இணையத்தில் மட்டுமே விற்கும் பெரிய நிறுவனத்தில். தேடல் பக்கத்தைக் கவனிக்கும் குழுவில் மூத்த பொறுப்பு. இன்னொன்று, பல காலமாகக் கடைகள் நடத்திவரும் நிறுவனத்தில். அவர்களுடைய ஆன்லைன் பிரிவுக்குத் தலைமை. சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். "அண்ணா, எதை எடுக்கட்டும்? இல்ல, ரெண்டையும் விட்டுட்டு சொந்தமா ஒரு பிராண்ட் ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

நான் இரண்டு பக்கமும் இருந்தவன். முதல் வகையில் ஆறு வருடம், இரண்டாவது வகையில் ஏழு வருடம். போனில் பத்து நிமிடம் பேசியது போதாது என்று தோன்றியதால்தான் இதை எழுதுகிறேன்.

தொழிலை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் இணையத்தில் பிறந்த நிறுவனத்துக்கு ஈடில்லை. டெலிவரி தேதியை விலைக்குப் பக்கத்தில் காட்டினால் என்ன ஆகும்? எழுத்துப்பிழையோடு தேடினால் என்ன வர வேண்டும்? எல்லாவற்றுக்கும் ஒரு சோதனை, எல்லாவற்றுக்கும் ஒரு எண். பாதிப் பேருக்குப் பழைய பக்கம், மீதிப் பேருக்குப் புதியது. இரண்டு வாரத்தில் பதில் தெரிந்துவிடும். பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒரு யோசனை பிழைக்காது, சின்னவர் சொன்னார் என்பதற்காகச் சாகவும் செய்யாது. எழுதி யோசிக்கும் பழக்கமும் அங்கேதான் எனக்கு வந்தது. அமேசான் 2004-ல் மேல்மட்டக் கூட்டங்களில் ஸ்லைடு காட்டுவதை நிறுத்தி, 6 பக்கத்துக்கு மிகாத குறிப்பாக எழுதிவரச் சொன்னது. கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் பேசாமல் அதைப் படிப்பார்கள், அப்புறம்தான் பேச்சு. இந்த முறை பல நிறுவனங்களுக்குப் பரவிவிட்டது. நாலு வருடம் இப்படி எழுதியவருக்கு, எந்தக் கூட்டத்திலும் தன் பக்கத்தைத் தெளிவாக எடுத்துவைக்க வரும்.

ஆனால் அங்கே உங்கள் எல்லை குறுகியது. நான் முழுசாக ஒன்றரை வருடம் கூடைப் பக்கத்தை, அதாவது வாங்கத் தேர்ந்தெடுத்த பொருட்கள் சேரும் பக்கத்தை மட்டுமே பார்த்தேன். சரக்கு எங்கிருந்து வருகிறது, கிடங்கில் யார் அதை எடுக்கிறார், திரும்பி வந்த பொருள் என்னவாகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. இன்னொரு குறை, இரண்டு வாரத்தில் அளக்க முடிந்தது மட்டும்தான் அங்கே உண்மையாகத் தெரியும். ஒரு முறை ஆடைப் பக்கத்தில் அளவு அட்டவணையைக் கீழே தள்ளி, வாங்கும் பட்டனை மேலே கொண்டுவந்தோம். ஆர்டர் கூடியது. சோதனை ஜெயித்தது என்று அறிவித்து, எல்லோருக்கும் அதையே வைத்தோம். ஒரு மாதம் கழித்துத்தான் ரிட்டர்ன் மூட்டைகள் வர ஆரம்பித்தன. 'அளவு சரியில்லை', 'அளவு சரியில்லை' என்று ஒரே காரணம். போய் வர டெலிவரிச் செலவு, மறுபடி மடித்துப் பேக் செய்யும் செலவு, சீசன் முடிந்ததால் தள்ளுபடியில் தள்ளிய நஷ்டம், எல்லாம் வேறொரு குழுவின் கணக்கில் ஏறின. எங்கள் குழுவுக்கு அந்தக் காலாண்டில் பாராட்டு. இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது.

கடையில் வளர்ந்த நிறுவனத்தில் நிலைமை தலைகீழ். கற்றுக்கொடுக்க ஆள் இருக்காது. உங்கள் வேலை என்னவென்று உங்களுக்கே ஆறு மாதம் புரியாது. ஆனால் எல்லாமே உங்கள் கண்ணில் படும்.

நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு கடையில் ஆர்டர் எடுப்பவரோடு நின்றேன். காலை ஏழு மணி, கையில் ஸ்கேனர், 23 ஆர்டர். கணினி ஒரு நீலச் சட்டை 'இருப்பு 1' என்று காட்டியது. அலமாரியில் இல்லை. டிரையல் ரூம் கொக்கியில் பார்த்தார், இல்லை. பில் கவுண்டருக்குக் கீழே பார்த்தார், இல்லை. அப்புறம் அவர் சொன்னார்: "நேத்து ஒருத்தர் நீலம் ஒண்ணு, பச்சை ஒண்ணு வாங்கினார் சார். பில் போட்டவர் பச்சையையே ரெண்டு தடவை ஸ்கேன் பண்ணியிருப்பார்." அவ்வளவுதான் விஷயம். விலை ஒன்றுதான் என்பதால் கடைக்காரருக்கு அதில் நஷ்டமே இல்லை. ஆனால் கணக்கில் பச்சை ஒன்று குறைவு, நீலம் ஒன்று கூடுதல். ஊரிலேயே இல்லாத அந்த நீலச் சட்டைக்கு யாரோ பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தார். இருப்பு 2-க்குக் கீழே போனால் ஆன்லைனில் காட்டாதே என்று விதி போடலாம், போட்டோம். அதனால் உண்மையிலேயே ஒன்று இருக்கிற கடைகளின் விற்பனையும் போனது. கடைசியில் தீர்வு பில் கவுண்டரில்தான் இருந்தது. ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாக ஸ்கேன் செய்யச் சொல்லிக்கொடுப்பதும், வாரம் ஒரு பிரிவை எண்ணிப் பார்ப்பதும்தான் அது. இணையதளத்தில் ஒரு வரி நிரல்கூட மாற்றவில்லை.

அடுத்தது ரிட்டர்ன். ஆன்லைனில் வாங்கியதை எந்தக் கடையிலும் திருப்பிக் கொடுக்கலாம் என்று பெருமையாக விளம்பரம் செய்தோம். கடைகளில் போய்ப் பார்த்தால், மேனேஜர்கள் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முதலில் கோபம் வந்தது. கணக்கைப் பிரித்துப் பார்த்த பிறகு கோபம் போய்விட்டது. ஆன்லைன் விற்பனை எங்கள் பிரிவின் கணக்கில் வரவு. அதே பொருள் திரும்பி வந்தால் கடையின் அன்றைய விற்பனையில் கழிவு. ஒரு ரிட்டர்னை வாங்கினால் மேனேஜர் தன் விற்பனை இலக்கை எட்டுவது கஷ்டமாகும், ஊழியர்களின் ஊக்கத்தொகை குறையும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஒரு கடையைச் சுற்றியுள்ள பகுதிக்குப் போகும் ஆன்லைன் விற்பனையை அந்தக் கடையின் கணக்கிலும் சேர்ப்பது, ரிட்டர்னை எங்கள் தலையில் போடுவது என்று மாற்றினோம். ஒரே விற்பனை இரண்டு இடத்தில் பதிவாகிறதே என்று நிதிப் பிரிவு ஒத்துக்கொள்ளவே பதினோரு மாதம் ஆனது. ஒத்துக்கொண்ட பிறகு, நேற்று வரை எங்களை எதிரியாகப் பார்த்த மேனேஜர்கள் வாடிக்கையாளரின் போனை வாங்கி ஆப் இறக்கிக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

இதனால்தான் இந்த ஒப்பீட்டில் என் முதல் கேள்வி எப்போதும் இது: விற்பனை யார் கணக்கில் எழுதப்படுகிறது? இணையத்தில் பிறந்த இடத்தில் மாற்றம் என்றால் பக்கத்தை மாற்றுவது. கடையில் வளர்ந்த இடத்தில் மாற்றம் என்றால் கணக்கை மாற்றுவது. இரண்டும் வேறு வேறு தொழில்கள் என்றே சொல்வேன்.

பெரிய நிறுவனங்களின் கதையிலும் இதைப் பார்க்கலாம். அமெரிக்காவில் 2000-ல் பொம்மைக் கடை நிறுவனமான டாய்ஸ் ஆர் அஸ், 2001-ல் பார்டர்ஸ் புத்தகக் கடைகளும் டார்கெட் என்ற பல்பொருள் கடை நிறுவனமும் தங்கள் இணைய விற்பனைக்கு அமேசானோடு ஒப்பந்தம் போட்டன. அன்றைக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது. தெரியாத வேலையைத் தெரிந்தவரிடம் கொடுக்கிறோம் என்று. பார்டர்ஸ் 2008-ல்தான் தன் சொந்தத் தளத்தைத் திறந்தது, 2011-ல் திவாலானது. டாய்ஸ் ஆர் அஸ் வழக்கு போட்டு விலகியது, 2017-ல் திவாலானது. அதற்குக் கழுத்தை நெரித்த கடனும் ஒரு பெரிய காரணம், எல்லாப் பழியையும் அந்த ஒப்பந்தத்தின் மேல் போட முடியாது. டார்கெட் 2011-ல் தளத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 2017-ல் பல ஆண்டுகளுக்கு 700 கோடி டாலர் முதலீடு செய்வதாக அறிவித்து, கடைகளையே டெலிவரி மையங்களாக்கியது. இன்று அதன் ஆன்லைன் ஆர்டர்களில் பெரும்பகுதி கடைகளிலிருந்துதான் போகிறது. கடை என்ற பாரம் அங்கே பலமாக மாறியது.

வெளியிலிருந்து போய் மாற்றம் கொண்டுவர நினைப்பவர்கள் இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆப்பிள் கடைகளை உருவாக்கிய ரான் ஜான்சன் 2011 நவம்பரில் ஜே.சி.பென்னி என்ற அமெரிக்கப் பல்பொருள் கடை நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார். கூப்பனையும் அடிக்கடி வரும் தள்ளுபடியையும், சில கடைகளில் சோதித்துப் பார்க்காமலேயே, ஒரே வீச்சில் நீக்கினார். 2012-ல் விற்பனை சுமார் கால் பங்கு விழுந்தது. 2013 ஏப்ரலில் அவர் வெளியேறினார். ஹூபர்ட் ஜோலி 2012-ல் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நடத்தும் பெஸ்ட் பை நிறுவனத்துக்குத் தலைவராக வந்தபோது, மக்கள் கடையில் பொருளைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி பிழைக்காது என்றே பலர் பேசினார்கள். அவர் முதல் வேலையாக ஒரு கடைக்குப் போய் ஊழியர்களோடு சில நாட்கள் நின்றார். அப்புறம் இணைய விலைக்கே கடையிலும் தருவது, கடையிலிருந்தே ஆர்டர் அனுப்புவது என்று நகர்ந்தார். நிறுவனம் மீண்டது. ஜான்சனுக்குத் திறமை குறைவு என்று நான் நினைக்கவில்லை. தனக்குத் தெரிந்த வாடிக்கையாளரைத் தனக்குத் தெரியாத கடைக்குள் வைத்துப் பார்த்துவிட்டார். இணையத்தில் பிறந்த இடங்களிலிருந்து போகிற நம்மில் பலர் செய்யும் தவறும் இதுதான். 'அங்கே நாங்கள் இப்படித்தான் செய்வோம்' என்று முதல் கூட்டத்தில் நான் சொன்ன வாக்கியத்தின் விலையை ஒரு வருடம் கொடுத்தேன்.

வால்மார்ட் 2016-ல் ஜெட் டாட் காம் என்ற ஆன்லைன் கடையை 330 கோடி டாலருக்கு வாங்கி, அதன் நிறுவனர் மார்க் லோரிடம் தன் அமெரிக்க ஆன்லைன் பிரிவைக் கொடுத்தது. ஜெட் என்ற தளம் 2020-ல் மூடப்பட்டது. ஆனால் அதே காலத்தில் வால்மார்ட்டின் சொந்த ஆன்லைன் விற்பனை பெரிதாக வளர்ந்தது. முக்கியமாக மளிகையை ஆர்டர் செய்துவிட்டுக் கடையில் வந்து எடுத்துக்கொள்ளும் முறை. வாங்கிய தளம் போய், ஆட்களும் பழக்கமும் தங்கிய கதையாகத்தான் இதை நான் பார்க்கிறேன்.

சொந்த பிராண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போட்டோ எடுப்பதிலிருந்து பெட்டி ஒட்டுவது வரை நீங்களே செய்வதால், இரண்டு வருடத்தில் மொத்தத் தொழிலும் கைக்கு வரும். அதற்காக அதை நான் மதிக்கிறேன். ஆனால் பெரிய தளங்களில் விற்றால் அவர்கள் ஒரு விதியை மாற்றினாலே உங்கள் மாதம் போய்விடும். சொந்தத் தளத்தில் விற்றால் விளம்பரச் செலவு லாபத்தைத் தின்றுவிடும். பொருள் மேல் தீராத ஆசை இருந்தால் இறங்கலாம். வேலை பிடிக்கவில்லை என்பதற்காக இறங்கக் கூடாது.

அவளுக்கு நான் சொன்னது இதுதான். மூன்று நாலு வருட அனுபவம்கூட இல்லாதவர் என்றால், யோசிக்காமல் இணையத்தில் பிறந்த நிறுவனத்துக்குப் போகலாம். அவளுக்கு எட்டு வருடம் ஆகிவிட்டது. இன்னொரு இணையப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் நன்றாக்கும் வேலை அவளை வளர்க்காது. அதனால் என் மனம் கடை நிறுவனத்தின் பக்கம். ஆனால் சரி என்று சொல்வதற்கு முன் நேராகவே கேட்டுவிட வேண்டும்: ஆன்லைன் தலைவர் யாருக்குக் கீழே? விளம்பரப் பிரிவுக்கோ ஐ.டி. பிரிவுக்கோ கீழே என்றால், பெயர்தான் தலைமை, வேலை தளப் பராமரிப்பு. கடைச் சரக்கை ஆன்லைனில் விற்க யாருடைய அனுமதி வேண்டும்? கடையில் வாங்கும் ரிட்டர்ன் யார் கணக்கில்? இதற்கு 'பேசிக்கொண்டிருக்கிறோம்' என்பது பதிலாக வந்தால், எத்தனை மாதமாக என்று கேள்.

போன வாரம் மறுபடி கூப்பிட்டாள். கடை நிறுவனத்தோடு நடந்த கடைசிச் சுற்றுப் பேச்சில் அந்த ரிட்டர்ன் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். ஆன்லைன் பக்கம் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். கடைகளுக்குப் பொறுப்பான அதிகாரி மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு இருபது நிமிடம் பேசியிருக்கிறார், எந்தெந்தக் கடையில் என்ன சண்டை என்று. "என்கிட்ட இதை யாருமே கேட்டதில்லைம்மா" என்றாராம். அவள் அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். முதல் பதினைந்து நாள் அலுவலகத்துக்கு வர மாட்டேன், பில் கவுண்டரிலும் கிடங்கிலும் நிற்கிறேன் என்று கடிதத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறாள்.